கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுகிறது: இறக்கித்தான் ஆக வேண்டுமா?

ஓரவண்டி எழுதியது:
எல்லாருக்கும் வணக்கம். வண்டி ஆறு கியர் ஆட்டோமேட்டிக், முன்சக்கர இழுவை, வழக்கமான டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை. கொஞ்ச நாளாகக் காலையில் வண்டியை எடுத்தால் தரையில் சிவப்பாகச் சொட்டுகள் கிடக்கின்றன. எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு நேர் கீழே. மெக்கானிக் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃப்ரன்ட் சீல் போயிடுச்சு, கியர்பாக்ஸ் இறக்கணும்" என்றார். துடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

கியர் மாறுவதில் குறை இல்லை. ஒன்றே ஒன்று, காலையில் முதல் தடவை ரிவர்ஸ் போட்டால் பிடிப்பதற்குக் கொஞ்சம் தாமதிக்கிறது. ஓடிச் சூடான பிறகு அதுவும் இல்லை. இறக்குவது பெரிய வேலை என்பதால் கேட்கிறேன். வேறு எங்கிருந்தாவது வர வாய்ப்பு உண்டா? அதுவரை ஓட்டலாமா?

ஸ்பானர்செட் எழுதியது:
முதலில் அது கியர்பாக்ஸ் ஆயில்தானா என்று உறுதி செய்துகொண்டீர்களா? பவர் ஸ்டியரிங் ஹைட்ராலிக் வகையாக இருந்தால் பல வண்டிகளில் அதற்கும் இதே சிவப்பு ஆயில்தான். ஸ்டியரிங் ரேக்கில் ஒழுகியதற்குக் கியர்பாக்ஸை இறக்கிய கதையெல்லாம் உண்டு. ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு பெரிய வெள்ளை அட்டையை விரித்து வையுங்கள். சக்கரம் எங்கே, பம்பர் எங்கே என்று அட்டையில் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் படம் எடுத்துப் போடுங்கள்.

ஆயில்கறை எழுதியது:
ஸ்பானர்செட் சொன்ன அட்டை வேலையை அவசியம் செய்யுங்கள். நிறத்தைப் பற்றிக் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன். ஆட்டோமேட்டிக் ஆயிலுக்குச் சிவப்புச் சாயம் போடுவதே எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துப் பார்க்கத்தான். ஆனால் சாயம் நிலைக்காது. ஓட ஓடப் பழுப்பாகும். சில சிவிடி (கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக்) ஆயில் பச்சையாகவோ நீலமாகவோ வரும், சில கியர்பாக்ஸ்களுக்குத் தேன் நிறத்தில் வரும். அதனால் சிவப்பு இல்லை என்பதை வைத்துக் கியர்பாக்ஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது. விரலில் தொட்டு மோந்து பாருங்கள். கருகல் வாசனை அடித்தால் ஒழுகலைவிடப் பெரிய கவலை உள்ளே இருக்கிறது, கிளட்ச் தட்டுகள் வழுக்கித் தீய்ந்திருக்கின்றன. பால் கலந்த ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை நகர்த்தவே வேண்டாம். கூலன்ட்டில் இருக்கும் தண்ணீரும் கிளைகால் ரசாயனமும் பட்டால் கிளட்ச் தட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பூச்சு உரிந்து வந்துவிடும்.

அதற்கு அடுத்தது அளவு. ஒழுகும் இடத்தைத் தேடுவதற்கு முன்பே அளவைப் பார்க்க வேண்டும். வண்டியை ஓட்டப் போகிறீர்களா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்யும். டிப்ஸ்டிக் (அளவு பார்க்கும் கம்பி) இருக்கிறதா உங்கள் வண்டியில்? இருந்தால் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் நன்றாகச் சூடான பின், எஞ்சின் ஐடிலில் ஓட, பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரை எல்லா நிலைகளுக்கும் மெதுவாகக் கொண்டுபோய்த் திரும்பப் பார்க்கில் வைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள். எஞ்சின் ஆயில் மாதிரி அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டி ஏமாற்றும்.

இதிலும் விதிவிலக்கு உண்டு. ஹோண்டாவின் பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் எஞ்சினை அணைத்து 60 முதல் 90 விநாடிக்குள் பார்க்கச் சொல்வார்கள். கிரைஸ்லரின் பழைய டார்க்ஃபிளைட் கியர்பாக்ஸ் என்றால் நியூட்ரலில் வைத்துப் பார்க்க வேண்டும், பார்க்கில் அதன் கன்வெர்ட்டர் நிரம்பாது. உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் வேதம்.

ஓரவண்டி எழுதியது:
படம் இணைத்திருக்கிறேன். ஸ்டியரிங் எலக்ட்ரிக், அதனால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆயில் சிவப்பு, லேசாக மங்கல், கருகல் வாசனை இல்லை. அளவு சூட்டுக் குறிகளில் கீழ்க்குறியை ஒட்டி நிற்கிறது.

இன்னொன்று கவனித்தேன். நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைக்காமலே அடியில் அட்டை வைத்துக் காத்திருந்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. ராத்திரி நிறுத்தி வைத்தால் மட்டும்தான் விழுகிறது.

நாலாம்கியர் எழுதியது:
இதற்கெல்லாம் இவ்வளவு ஆராய்ச்சியா? கடையில் ஸ்டாப் லீக் (ஒழுகலை நிறுத்த ஆயிலில் கலப்பது) புட்டி கிடைக்கும். வாங்கி ஊற்றுங்கள், ஒரு வாரம் ஓட்டுங்கள், நின்றுவிடும். என் பழைய வண்டியில் ஊற்றினேன், விற்கும் வரை சொட்டவில்லை.

இரும்புவாசம் எழுதியது:
> விற்கும் வரை சொட்டவில்லை

வாங்கியவரிடம் கேட்டீர்களா? :)

கிண்டல் இருக்கட்டும். அந்தப் புட்டியில் இருப்பது ரப்பரை இளக்கி உப்ப வைக்கும் சரக்கு. வயதாகி இறுகிப்போன சீல் என்றால் கொஞ்ச நாளைக்கு உதவும், மறுக்கவில்லை. சீலின் உதடு கிழிந்திருந்தாலோ, ஷாஃப்டில் பள்ளம் விழுந்திருந்தாலோ, பேன் (கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் தட்டு) கேஸ்கெட் நசுங்கியிருந்தாலோ அது என்ன செய்யும்? அதைவிட, உள்ளே எந்த ரப்பரை உப்ப வைப்பது என்று அதற்குத் தெரியாது. ஒழுகும் சீலோடு சேர்த்து கிளட்ச் பிஸ்டன் சீல்களையும் இளக்கும். ஆயிலின் உராய்வுத் தன்மையும் மாறும். சிவிடியிலும் ஈர கிளட்ச் (ஆயிலில் நனைந்தே இயங்கும்) டூயல் கிளட்ச் பெட்டியிலும் இதை ஊற்றவே கூடாது என்பது என் கருத்து. அவற்றின் பிடிமானம் முழுக்க அந்த ஆயிலை நம்பித்தான் இருக்கிறது.

நாலாம்கியர் எழுதியது:
ஆயுள் முடியப்போகும் வண்டிக்குப் புது சீல் போட்டு, அதற்காகக் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதைவிட ஒரு புட்டி ஊற்றிப் பார்ப்பது புத்திசாலித்தனம் என்றுதான் சொல்கிறேன். எல்லா வண்டிக்கும் சொல்லவில்லை.

இரும்புவாசம் எழுதியது:
அது சரி. விற்கவோ உடைக்கவோ போகிற வண்டி என்றால் ஒத்துக்கொள்கிறேன். இவர் வண்டி அந்த நிலையில் இல்லை. தவிர, எங்கே ஒழுகுகிறது என்றே இன்னும் தெரியவில்லை.

ஆயில்கறை எழுதியது:
ஓரவண்டி, நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் இந்த இழையிலேயே முக்கியமான தகவல். ஓடும்போது ஒழுகவில்லை, நின்றால்தான் ஒழுகுகிறது.

ஃப்ரன்ட் சீல் என்று மெக்கானிக் சொன்னது, டார்க் கன்வெர்ட்டரின் கழுத்து பம்புக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சீல். எஞ்சின் ஓடும்போதெல்லாம் அந்தக் கழுத்து அதற்குள் சுழன்றுகொண்டே இருக்கும். அங்கே ஒழுகினால் பொதுவாக ஓடும்போதுதான் அதிகம் ஒழுகும். வெளியே வந்த ஆயிலைக் கன்வெர்ட்டர் சுழற்றி வீசும், பெல் ஹவுசிங் (எஞ்சினோடு சேரும் பக்கம் கன்வெர்ட்டரை மூடியிருக்கும் கூடு) உள்சுவர் முழுக்க வட்டமாகத் தெறித்திருக்கும். கீழே சிறிய தகட்டு மூடி இருந்தால் கழற்றி உள்ளே டார்ச் அடியுங்கள். ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கு (எஞ்சினையும் கன்வெர்ட்டரையும் இணைக்கும் தகடு) எஞ்சின் பக்கம் நனைந்திருந்தால் எஞ்சினின் ரியர் மெயின் சீல், கன்வெர்ட்டர் பக்கம் நனைந்திருந்தால் கியர்பாக்ஸ் சீல். உட்புறம் காய்ந்து கிடந்தால் இரண்டுமே இல்லை, ஆயில் வெளியே இருந்து வழிந்து வந்து அந்த விளிம்பில் சொட்டுகிறது. பெல் ஹவுசிங் விளிம்பு பெரும்பாலும் தாழ்வான இடம். மேலே எங்கே ஒழுகினாலும் வார்ப்பின் மடிப்புகள் வழியாக ஓடி வந்து அங்கேதான் விழும்.

இப்போது, ஏன் நின்றால் மட்டும்? ஓடும்போது கன்வெர்ட்டர், கூலர், வால்வு பாடி (ஆயிலைத் திருப்பிவிடும் பகுதி) எல்லாம் நிரம்பியிருக்கும், அடியில் பேனில் ஆயில் மட்டம் தாழ்வாக இருக்கும். எஞ்சினை அணைத்ததும் கன்வெர்ட்டரில் இருக்கும் ஆயில் மெல்ல மெல்லப் பேனுக்கு இறங்கும். பல மணி நேரத்தில் பேனில் மட்டம் ஏறி, ஓடும்போது ஆயில் எட்டாத இடங்களெல்லாம் மூழ்கிவிடும். பேனின் விளிம்புக்குச் சற்று மேலே இருக்கும் கியர் செலக்டர் ஷாஃப்ட் (கியர் லீவர் திருப்பும் தண்டு) சீல், மின்சார இணைப்புச் சொருகியின் ஓ-ரிங், டிப்ஸ்டிக் குழாயின் அடி ஓ-ரிங் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். சற்று முன் சொன்ன டார்க்ஃபிளைட் பெட்டிகள் இந்த விஷயத்தில் பெயர் போனவை. நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் செலக்டர் ஷாஃப்டில் ஒழுகும்.

காலையில் ரிவர்ஸ் தாமதமாகப் பிடிப்பதும் இதோடு பொருந்துகிறது. காலியான கன்வெர்ட்டர் திரும்ப நிரம்பிய பிறகுதானே பிடிக்கும். அதோடு அளவும் கீழ்க்குறியில் நிற்கிறது. கையேட்டில் உள்ள அதே வகை ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மேல்குறிக்குக் கொண்டு வாருங்கள். தாண்ட விடாதீர்கள். கூடினால் சுழலும் பாகங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கி, பிரீதர் (காற்றுப் போக்கி) வழியாக வெளியே தள்ளும். இருக்கிற ஒழுகலோடு அதுவும் சேர்ந்தால் தலைகால் புரியாது.

அதுவரை ஓட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். அளவு குறிக்குள் இருந்து, ஒழுகல் சொட்டாக மட்டும் இருந்தால், அடிக்கடி அளவு பார்த்துக்கொண்டு ஓட்டலாம். கியர் வழுக்கினாலோ, எஞ்சின் வேகம் ஏறி வண்டி வேகம் ஏறாமல் இருந்தாலோ, கியர்பாக்ஸிலிருந்து ஊளைச் சத்தம் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். அழுத்தம் விழும், தட்டுகள் வழுக்கும், சூட்டில் கருகும். சீல் மாற்றும் வேலை முழு ஓவர்ஹாலாக மாறுவது அப்படித்தான்.

மலைப்பாதை எழுதியது:
மேலே சொன்னதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சொட்டு வேறு, கூலர் லைன் வேறு. கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டருக்குப் போகும் லைனில் ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேரும் இடம் அழுத்திப் பூட்டிய இணைப்பாக இருக்கும். முதலில் அங்கே ஈரம்தான் தெரியும், தூசி ஒட்டிக் கறுப்பாக இருக்கும். ஒரு நாள் பிய்த்துக்கொள்ளும். பம்ப் ஓட ஓட ஆயில் வெளியே கொட்டும், சில நிமிடத்தில் கியர்பாக்ஸ் காலி. ஏற்றத்தில் எனக்கு அப்படித்தான் ஆனது. டி-யில் இருக்கிறது, ஆக்ஸிலரேட்டர் மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி பின்னால் உருளுகிறது.

கொட்டும் ஆயில் எக்ஸாஸ்ட்டில் பட்டால் புகையோடு நிற்கும் என்று நம்பாதீர்கள், தீப்பிடிக்கும். பானெட் ஓரத்தில் புகை வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு ஆட்களை இறக்குங்கள், அப்புறம்தான் மற்றது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போகவும் கூடாது. எஞ்சின் ஓடாதபோது பம்ப் சுழலாது, உள்ளே மசகு போகாது. முன்சக்கர இழுவை என்றால் முன்சக்கரங்களைத் தூக்கித்தான் இழுக்க வேண்டும். நான்கு சக்கர இழுவை என்றால் முழு வண்டியையும் மேலே ஏற்ற வேண்டும்.

லைன் மாற்றும்போது கையில் கிடைத்த ஹீட்டர் ஹோஸைச் செருகிக் கிளாம்ப் போட்டுக்கொடுக்கும் ஆட்கள் உண்டு. அது சுடுதண்ணீருக்கானது. சூடான ஆயிலில் உப்பிக் கழன்றுவிடும். ஆயில் கூலருக்கென்றே வரும் ஹோஸ் கேட்டு வாங்குங்கள்.

ஓரவண்டி எழுதியது:
இந்த வாரம் நிறுத்திப் பார்க்கிறேன். எப்படிச் சுத்தம் செய்வது? தண்ணீர் அடிக்கலாமா?

ஸ்பானர்செட் எழுதியது:
பிரஷர் வாஷ் வேண்டாம், சென்சார் சொருகிகளில் தண்ணீர் ஏறும், பிரீதருக்குள்ளும் போகும். வண்டி ஆறின பிறகு பிரேக் கிளீனர் அடித்து, தூரிகையால் தேய்த்து, பழைய துணியால் துடைத்து எடுங்கள். மேலிருந்து கீழாக. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் பிரேக் கிளீனர் அடிக்கவே கூடாது. அடியில் போவதற்கு முன் வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை போட்டிருக்க வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் நுழைவது தற்கொலைக்குச் சமம்.

காய்ந்ததும் சந்தேகமான இடங்களில் டால்கம் பவுடரை மெலிதாகத் தூவுங்கள். ஒழுகல் ஆரம்பிக்கும் இடத்தில் வெள்ளையில் சிவப்புக் கோடு பளிச்சென்று தெரியும். உங்களுக்கு நின்றால்தானே ஒழுகல், அதனால் பவுடர் போட்டு ராத்திரி முழுக்க விட்டாலே போதும். ஓடும்போது ஒழுகும் வண்டிக்கு ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புற ஊதா டார்ச்சும் வசதி. காற்று ஆயிலைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும், அதனால் நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலேயும் முன்னேயும் இருக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

ஓரவண்டி எழுதியது:
கிடைத்துவிட்டது! தகட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தேன், பெல் ஹவுசிங் உள்ளே தூசிதான், ஈரமே இல்லை. பவுடர் போட்டு விட்டதில் செலக்டர் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில், லீவருக்கு அடியில், மெல்லிய சிவப்புக் கோடு. அங்கிருந்து வார்ப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டே முன்னால் ஓடி, பெல் ஹவுசிங் சேரும் இடத்தில் உருண்டு நின்று சொட்டுகிறது. படம் பாருங்கள். ஆயில்கறை சார், நேரில் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

மெக்கானிக்கிடம் படத்தைக் காட்டினேன். "சரி, இதை இறக்காமலே மாத்தலாம்" என்றார். கொஞ்சம் முகம் சுருங்கியது, ஆனால் ஒத்துக்கொண்டார்.

ஆயில்கறை எழுதியது:
நல்லது. அவர் மேல் கோபம் வேண்டாம். அந்த இடத்தில் சொட்டினால் பத்துப் பேரில் பாதிக்கு மேல் ஃப்ரன்ட் சீல் என்றுதான் சொல்வார்கள்.

வேலை சின்னது, ஆனால் கவனிக்க இரண்டு மூன்று இருக்கிறது. ஷாஃப்டில் பார்க்/நியூட்ரல் ஸ்விட்ச் மாட்டியிருக்கும். கழற்றும் முன் அது நிற்கும் நிலையை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். திரும்ப மாட்டும்போது பிசகினால் நியூட்ரலில் ஸ்டார்ட் ஆகாது, இல்லையென்றால் ரிவர்ஸ் விளக்கு எரியாது. பழைய சீலைத் தோண்டி எடுக்கும்போது ஸ்க்ரூடிரைவர் ஷாஃப்டில் கீறக் கூடாது. அந்தக் கீறல் வழியாகப் புது சீலும் ஒழுகும். சீலின் தகட்டில் சிறு துளை போட்டு ஒரு ஸ்க்ரூவை இறக்கி, அதைப் பிடித்து இழுப்பது பாதுகாப்பான வழி. துளை போடும்போது துருவல் உள்ளே விழாமல் முனையில் கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் துரு இருந்தால் மெல்லிய எமெரித் தாளால் சுற்றுவாக்கில் தேய்த்துத் துடையுங்கள். புது சீலின் உதட்டில் அதே ஆயிலைத் தடவி, பொருத்தமான அளவுள்ள சாக்கெட்டை வைத்து நேராகத் தட்டி இறக்க வேண்டும். கோணலாக இறங்கினால் எடுத்துவிட்டு வேறு சீல், அதையே நிமிர்த்தி அடிக்கக் கூடாது.

வெள்ளைத்துணி எழுதியது:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கும் ஒழுகல்தான், ஆனால் பேன் விளிம்பு முழுக்க. கேஸ்கெட் மாற்றினேன், திரும்ப ஒழுகுகிறது. இன்னும் நன்றாக முறுக்கினேன், அதிகமாகிவிட்டது. என் வண்டியில் டிப்ஸ்டிக் கிடையாது, அளவு எப்படிப் பார்ப்பது என்றும் தெரியவில்லை.

இரும்புவாசம் எழுதியது:
முறுக்கியதால்தான் அதிகமாகியிருக்கிறது. தகட்டுப் பேன் போல்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டர் பக்கம்தான் முறுக்கு. நீளமான ராட்செட்டில் ஒரு இழுப்பு இழுத்தாலே அதைத் தாண்டும். தாண்டினால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு மேல்நோக்கிக் குழிந்துவிடும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு கேஸ்கெட்டைத் தொடவே தொடாது. பேனைக் கழற்றி, தட்டையான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பாருங்கள், மேடுபள்ளம் தெரியும். மரக்கட்டை மேல் வைத்து உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டிச் சமன் செய்யலாம். ஜாஸ்தி வளைந்திருந்தால் புதுப் பேன்தான். மாட்டும்போது நடுவிலிருந்து ஆரம்பித்துக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு மூன்று சுற்றில் முறுக்குங்கள்.

சிலிக்கானை அப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேஸ்கெட் போடும் இடத்தில் சிலிக்கான் வேண்டாம். உள்பக்கம் பிதுங்கியது காய்ந்து, பிய்ந்து, ஃபில்டரில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று: புதுக் கேஸ்கெட் போட்டும் பல இடத்தில் ஒரே நேரத்தில் கசிந்தால் பிரீதரைப் பாருங்கள். கியர்பாக்ஸ் சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரியும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அது போக வழியில்லாமல் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளியேறும். கழற்றி ஊதிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை. இதைப் பார்க்காமல் வரிசையாகச் சீல் மாற்றிக்கொண்டே போவது வீண்.

ஆயில்கறை எழுதியது:
டிப்ஸ்டிக் இல்லாத பெட்டிக்கு: பக்கவாட்டிலோ அடியிலோ ஒரு லெவல் பிளக் இருக்கும். வண்டி நான்கு பக்கமும் சமமாகத் தூக்கியிருக்க வேண்டும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்க வேண்டும். இசட்எஃப் கம்பெனியின் ஆறு கியர், எட்டு கியர் பெட்டிகளுக்கு 30 முதல் 50 டிகிரி செல்சியஸ். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஈர கிளட்ச் ஆறு கியர் டிஎஸ்ஜிக்கு (அவர்களின் டூயல் கிளட்ச் பெட்டி) 35 முதல் 45. ஸ்கேனரை மாட்டிச் சூட்டைப் பார்த்துக்கொண்டே பிளக்கைத் திறக்க வேண்டும். மெல்லிய இழையாக வழிந்து, சொட்டாகக் குறையும்போது மூடினால் அளவு சரி. எதுவுமே வரவில்லை என்றால் குறைவு. சூடு அதிகமான பிறகு திறந்தால் விரிந்த ஆயில் வெளியே போய்விடும், ஆறினதும் அளவு குறைந்து நிற்கும்.

இதில் ஒன்றை மறக்கவே கூடாது. ஆயிலை வடிக்கும் பிளக்கைத் திறப்பதற்கு முன்னால், ஊற்றும் பிளக் திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். வடித்த பிறகு ஊற்றும் பிளக் இறுகிப்போய்த் தலை வழுக்கினால் வண்டி அங்கேயே கிடக்கும்.

உங்களுடையது இசட்எஃப் ஆறு கியர் வகையாக இருந்தால் பேனை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். மெக்கட்ரானிக்கையும் (உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பாகம்) வெளி வயரிங்கையும் சேர்க்கும் பிளாஸ்டிக் ஸ்லீவின் ஓ-ரிங் இறுகி அங்கே ஒழுகுவது வழக்கம். அதுவும் பேன் விளிம்பில்தான் வந்து வழியும். ஆயில் வடித்துப் பேனைக் கழற்றும்போது ஸ்லீவையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது. ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம் என்று வண்டிக் கம்பெனி எழுதியிருக்கலாம். கியர்பாக்ஸ் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், இல்லையென்றால் 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது. நான் செய்தவர் பேச்சைத்தான் கேட்பேன்.

மலைப்பாதை எழுதியது:
ஒழுகலே கண்ணில் படாமல் அளவு மட்டும் குறைந்தால்? கேட்டது பக்கத்து வீட்டுக்காரர், வண்டி ரொம்பப் பழசு.

ஆயில்கறை எழுதியது:
இரண்டு இடம் பாருங்கள். ஒன்று, கூலன்ட் தொட்டி. ரேடியேட்டருக்குள் இருக்கும் கியர் ஆயில் கூலர் ஓட்டையானால் வெளியே சொட்டாது, கூலன்ட்டில் போய்க் கலக்கும். இரண்டு, பழைய பெட்டிகளில் வாக்குவம் மாடுலேட்டர் என்று வட்டமாக ஒன்று இருக்கும். அதன் டயாஃப்ரம் கிழிந்தால் எஞ்சினே கியர்பாக்ஸ் ஆயிலை வாக்குவம் குழாய் வழியாக உறிஞ்சி எரித்துவிடும். பின்னால் வெள்ளைப் புகை வரும். மாடுலேட்டரில் இருந்து குழாயைக் கழற்றுங்கள், உள்ளே ஆயில் இருந்தால் அதுதான்.

புதுச்சாவி எழுதியது:
எனக்கு மேனுவல் வண்டி. பெல் ஹவுசிங் அடியில் இருந்து சொட்டுகிறது, ஆனால் சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை, கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருக்கிறது. இரண்டு நாளாகக் கிளட்ச் பெடல் மெத்தென்று இறங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயிலா இது?

இரும்புவாசம் எழுதியது:
இல்லை. மேனுவல் கியர் ஆயில் கெட்டியாக இருக்கும், கந்தக நாற்றம் அடிக்கும், தொட்டாலே தெரியும். நீங்கள் சொல்வது பிரேக் ஃப்ளூயிட். கிளட்ச்சின் ஸ்லேவ் சிலிண்டர் (பெடல் அழுத்தத்தை ஃப்ளூயிட் வழியாக வாங்கிக் கிளட்ச்சை விடுவிக்கும் பாகம்) பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கும் வகையாக இருக்க வேண்டும், அதன் சீல் போயிருக்கிறது. உள்ளே இருக்கும் வகை என்றால் உங்களுக்குக் கியர்பாக்ஸ் இறக்கித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. இறக்குவது இறக்குகிறீர்கள், கிளட்ச் தட்டையும் பார்த்துவிடுங்கள். அந்த ஃப்ளூயிட் தட்டில் பட்டிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

புதுச்சாவி எழுதியது:
அதுவரை ஃப்ளூயிட் ஊற்றிக்கொண்டே ஓட்டலாமா?

இரும்புவாசம் எழுதியது:
பானெட்டைத் திறந்து பாருங்கள், கிளட்ச்சுக்குத் தனித் தொட்டி இருக்கிறதா, பிரேக் தொட்டியிலிருந்தே ஒரு சின்னக் குழாய் போகிறதா? பல வண்டிகளில் இரண்டுக்கும் ஒரே தொட்டிதான். கிளட்ச் குழாய் கொஞ்சம் உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது பிரேக்குக்கு மிஞ்சும், ஆனால் அதை நம்பி ஓட்டச் சொல்ல மாட்டேன். போக்குவரத்து நடுவில் பெடல் தரையோடு ஒட்டிக்கொண்டால் கியரை விடுவிக்கவும் முடியாது. வண்டியை ஏற்றிக்கொண்டு போய்ச் சேருங்கள். அதுவரை தொட்டியில் ஊற்றும்போது மூடியில் எழுதியிருக்கும் டாட் (DOT, ஃப்ளூயிட்டின் வகை) எண்ணைப் பார்த்து ஊற்றுங்கள், பெயின்டில் சிந்தினால் துடைக்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.